பழகின பேர்

"சுளகைக் கீழ வை!"

வீரம்மாளின் குரல் மூன்று வயல் தாண்டிக் கேட்டது. வடிவின் கை அப்படியே நின்றது. இடுப்பில் சுளகு நிறைய விதைப் பூண்டு. விரல்களுக்கிடையில் ஒரே ஒரு பல். அதற்கும் பாத்தியின் ஈர மண்ணுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான்.

நடவுக்கு எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். எட்டுப் பேரும் நிமிர்ந்தார்கள்.

"நான் என்ன அத்தை பண்ணேன்?"

"மொதப் பல்லு புள்ள பெத்த கைதான ஊனணும்? அஞ்சு வருசமா இந்த வீட்டுல சோறு திங்கிற, இது தெரியாதாக்கும்? வெறுங்கை பட்டா வெறுந்தாளுதான் வரும், கீழ பூண்டு எறங்காது. நீ அங்கிட்டுப் போயிக் குடத்துல தண்ணி மொண்டா தாயி. ஏ பிச்சை, நீ வா. நாலு பெத்தவ. நீ ஊனு."

பிச்சையம்மாள் தயங்கினாள். வடிவின் முகத்தைப் பார்க்காமல் அவள் விரலிலிருந்த பல்லை வாங்கி, குனிந்து, மண்ணில் ஊன்றினாள். வீரம்மாள் குலவை போட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மலையூரான பேத்துப்பாறையில் அந்தத் தெருவுக்கு அப்படி ஒரு வழக்கம். வைகாசி நடவில் முதல் பூண்டுப் பல்லைப் பிள்ளை பெற்றவள்தான் ஊன்ற வேண்டும். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. போன வருடம் வரைக்கும் வீரம்மாளே ஊன்றினாள். இந்த வருடம் இடுப்புப் பிடித்துக்கொண்டது, குனிய முடியவில்லை. மாமியாருக்கு முடியாவிட்டால் மருமகள்தானே என்று வடிவு சுளகை எடுத்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

வயலின் மேல் கோடியில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் குமாரவேலுக்கு எல்லாம் கேட்டது. அவன் திரும்பவில்லை. ஏற்கெனவே வெட்டி முடித்த வாய்க்காலையே மறுபடியும் வெட்ட ஆரம்பித்தான்.

அரை மணி நேரம் போயிருக்காது. மேகம் இறங்கி வயலை மூடியது. வீரம்மாள் தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வடிவின் காதைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

"மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு பாரு. சளி புடிச்சா யாரு பாக்குறது? இந்தா, சுக்குத் தண்ணி. சூடா இருக்கயிலேயே குடி."

வீரம்மாள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் வடிவு எப்போதோ பிறந்த ஊரான அய்யம்பாளையத்துக்கு பஸ் ஏறியிருப்பாள். போன வருடம் விஷக் காய்ச்சலில் விழுந்தபோது பதினோரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவள் இதே வீரம்மாள்தான். ஆனால் அந்த வாய்! மூச்சு விடுகிற மாதிரி அதுபாட்டுக்குப் பேசும். பேசியது அடுத்த நிமிடம் அவளுக்கே ஞாபகம் இருக்காது. கருவாட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வடிவின் தட்டில் வைப்பாள். வைத்துவிட்டு, "நல்லாத் தின்னு. புள்ளைக்கா ஒதுக்கி வைக்கப்போற?" என்பாள். தீபாவளிச் சேலையை விரித்துப் பார்த்து, "நல்ல கலரு. உங்கிட்ட இருந்தா பத்து வருசம் கெடக்கும். மடியில மூத்திரம் போறதுக்கு இங்க யாரு இருக்கா?" என்று சொல்லித் தானே சிரிப்பாள்.

முதல் வருடம் வடிவு அழுதாள். இரண்டாம் வருடம் எதிர்த்துப் பேசிப் பார்த்தாள். "இப்ப நான் என்ன சொல்லிட்டேன்னு இம்புட்டுக் கோவம்?" என்று வீரம்மாள் உண்மையாகவே விழித்தாள். மூன்றாம் வருடம் காது கேட்காதவள் மாதிரி இருந்து பார்த்தாள். அதுவும் ஒத்துவரவில்லை. அப்புறம்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். அத்தை சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது. குழாயடியில் யாராவது "வெரசாப் போ வடிவு, நேரமாச்சு" என்றால், "எனக்கென்ன அவசரம், வீட்டுல புள்ளையா அழுவுது?" என்று முந்திக்கொள்வாள். பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அடுத்தவர் கை ஓங்குவதற்குள் தன்னைத் தானே அடித்துக்கொண்டால் வலி கொஞ்சம் குறைச்சல்தான்.

அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது அன்றைக்கு மத்தியானம் தெரிந்தது.

வேலைக்காரப் பெண்கள் ஒரு பக்கம் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். சற்றுத் தள்ளி, பாறை மறைவில், குமாரவேலுக்குச் சோறு போட்டுக்கொண்டே வடிவு சொன்னாள்.

"எங்க மாமனுக்குக் கடுதாசி போட்டுட்டேங்க."

"எதுக்கு?"

"அன்னக்கொடிய உங்களுக்குக் கேட்டு."

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. அன்னக்கொடி வடிவின் தாய்மாமன் மகள். பத்தொன்பது வயது. இவர்கள் கல்யாணத்தில் பாவாடை சட்டையோடு ஓடித் திரிந்த பெண்.

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"அத்தை இன்னிக்கோ நாளைக்கோ எவளையாவது கொண்டாரத்தான் போகுது. யாரோ ஒருத்தி வந்து என்னைய வெளிய தள்ளுறதுக்கு எங்க மாமன் மக வந்தா மூலையில ஒரு எடமாச்சும் குடுப்பா. அத்தைகிட்டயும் சொல்லிட்டேன். வெள்ளிக்கெழமை மாமா பேசி முடிக்க வர்றாரு."

பின்னாலிருந்து வீரம்மாளின் குரல் வந்தது. "பெரிய மனசுடா எம் மருமகளுக்கு! வந்து அஞ்சு வருசத்துல இப்பத்தான் ஒரு சோலிய உருப்படியாச் செஞ்சிருக்கா."

வடிவு சிரித்தாள். குமாரவேல் கையைக் கழுவிவிட்டு எழுந்தான். ஒரு மனைவி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்து இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. அது இன்னும் அந்த மலை ஏறவில்லை.

ஆனால் குமாரவேலைச் சோற்றிலிருந்து எழுப்பியது சட்டம் இல்லை. வேறொன்று. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த ஒன்று. அதில் ஒருவர் செத்துப்போய் மூன்று வருடம் ஆகிவிட்டது.

*

எழுபத்தாறாம் வருடம். அவசரநிலைக் காலம். மலைச் சாலையில் மண் சரிவு அள்ளுகிற கும்பலில் குமாரவேலுக்கு அன்றாடக் கூலி வேலை. வயது இருபத்து மூன்று. ஒரு நாள் காலை மேஸ்திரி அழகுமலை அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏலே, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மேல இருந்து எண்ணிக்கை கேக்குறாங்க. நம்ம கேங்குல ஒரு தலை கொறையுது. நீ பேரு குடு. வேலைய நெரந்தரம் பண்ணித் தர்றது எம் பொறுப்பு."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலியே மேஸ்திரி!"

"அதை நான் பாத்துக்கிடுறேன்."

பார்த்துக்கொண்டார். படிவத்தில் மனைவி பெயர் சோலையம்மாள் என்று எழுதினார். குழந்தைகள் இரண்டு என்றும் எழுதினார். குமாரவேல் கையெழுத்துப் போடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"பின்னால கல்யாணம் ஆனா?"

"பீன்ஸ் கொடிக்கு நார் கட்டுறமில்ல? ரெண்டு மழை பேஞ்சா என்னாவுது? இத்துப்போயித் தானா அவுந்து விழுந்துரும். இதுவும் அப்படித்தான்."

குமாரவேல் நம்பினான். அவன் பிறந்து வளர்ந்த மலையில் மழைக்கு இத்துப்போகாத முடிச்சை அவன் பார்த்ததே இல்லை.

கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். பெஞ்சில் வரிசையாக ஆண்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முடிந்து வெளியே வரும்போது ஒரு நீல பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள். "கான்ட்ராக்டர் குடுத்தாரு ஆத்தா" என்று வீட்டில் சொன்னான். வீரம்மாள் அதைத் தெருவெல்லாம் தூக்கிக் காட்டினாள். அந்தத் தெருவுக்கு வந்த முதல் பிளாஸ்டிக் வாளி அது.

அடுத்த வருடம் தேர்தல் வந்தது. டில்லியில் ஆட்சி மாறியது. கும்பலைக் கலைத்தார்கள். நிரந்தர வேலை காற்றோடு போயிற்று. எழுபத்தெட்டில் வடிவைக் கட்டி வைத்தார்கள். முதல் வருடம் குமாரவேல் காத்திருந்தான். முடிச்சு இத்துப்போகக் காலம் பிடிக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். இரண்டாம் வருடம் சந்தேகம் வந்தது. மூன்றாம் வருடம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆத்தா வாயைத் திறக்கும்போதெல்லாம் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், அறுப்பு முடியட்டும், திருவிழா போகட்டும் என்று தள்ளித் தள்ளி ஐந்து வருடம் ஓடிவிட்டது. தள்ளிப்போட்ட நாளுக்கெல்லாம் வடிவுதான் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இப்போது இன்னொருத்தியும் வரப்போகிறாள். அவளும் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

*

மறுநாள் புதன்கிழமை. குமாரவேல் வெள்ளனே பஸ் ஏறி செண்பகனூரில் இறங்கினான். ரோட்டோரத்தில் கன்னியர் நடத்தும் சின்ன மருந்தகம். அங்கே நர்ஸ் கித்தேரியம்மாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ வடிவு ஹஸ்பெண்டுதான? ஹஸ்பெண்டைக் கூட்டிட்டு வா, கூட்டிட்டு வான்னு எத்தனை தடவ சொல்லி அனுப்பியிருப்பேன்! இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

குமாரவேல் கதவைச் சாத்தினான். சொன்னான். ஏழு வருடம் வயிற்றுக்குள் கிடந்தது, சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை.

கித்தேரியம்மாள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"உங்கம்மாவுக்கு?"

தெரியாது என்று தலையை ஆட்டினான். "நர்ஸம்மா, அது இந்நேரம் அவுந்துருக்காதுங்களா?"

"அவுர்றதுக்கு அது என்ன வேட்டி முடிச்சா? கட் பண்ணிக் கட்டுறது அது. மதுரையில பெரிய டாக்டர்ஸ் திருப்பி ஒட்டிப் பாக்குறாங்க. ஏழு வருசமாச்சு, கேரண்டி யாரும் தர மாட்டாங்க. அது அப்புறம். போன மாசம் உன் பொண்டாட்டி இந்த ஸ்டூல்ல உக்காந்து என்ன கேட்டா தெரியுமா?"

அவன் அந்த ஸ்டூலைப் பார்த்தான்.

"'எனக்கு ஏதாச்சும் நோவு இருக்குன்னு ஒரு பேரு எழுதிக் குடுங்க நர்ஸம்மா. பொய்யா இருந்தாலும் பரவால்ல. நோவுன்னு தெரிஞ்சா அத்தை பேசாது, பாவம்னு விட்டுரும்'னா. பொய் எழுத மாட்டேன்னு அனுப்பிச்சேன். நல்லா இருக்கிற ஒருத்தி, நோவு வேணும்னு வந்து கெஞ்சிட்டுப் போறா. நீ வாய மூடிக்கிட்டு இருந்திருக்க."

கித்தேரியம்மாள் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டாள்.

"எங்கிட்ட எதுக்கு சொல்ற? போ. அவகிட்டப் போயிச் சொல்லு."

*

திரும்பி வரும்போது மத்தியானம் மூன்று மணி. வடிவு பீன்ஸ் தோட்டத்தில் தனியாகக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வேறு ஆளில்லை. குமாரவேல் அவளுக்கு எதிரே வரப்பில் உட்கார்ந்தான். தலையைக் குனிந்தே சொன்னான். சொல்லி முடிக்கிற வரைக்கும் களைக்கொத்தின் சத்தம் நின்று நின்று கேட்டது. அப்புறம் சுத்தமாக நின்றுவிட்டது.

"எந்த வருசம்?"

"எழுவத்தாறு."

"எனக்குத் தாலி கட்டுனது எழுவத்தெட்டு."

"ஆமா."

"தெரிஞ்சுதான் கட்டுனீங்க."

"தானா சரியாப் போயிரும்னு நெனச்சேன் வடிவு. சத்தியமா."

அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு கேட்டாள்.

"சோலையம்மாங்கிறது யாரு?"

"அப்படி ஒருத்தி இல்ல. மேஸ்திரி சும்மா எழுதுனது."

"இல்லாத பொண்டாட்டிக்கு ரெண்டு புள்ளைங்க. இருக்கிற எனக்கு என்ன பேரு வாங்கிக் குடுத்தீங்க?"

குமாரவேல் வரப்பிலிருந்து கீழே இறங்கி மண்ணில் உட்கார்ந்தான். அவள் காலைத் தொடக் கை நீட்டினான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் வேணாம். ஒண்ணு கேளுங்க. எனக்குப் பன்னெண்டு வயசிருக்கும். மருதாநதிக் கரையில ஒரு குருவிக் கூட்டக் கல்லால அடிச்சேன். முட்டையெல்லாம் ஒடைஞ்சு போச்சு. தாய்க்குருவி அங்கேயே சுத்திச் சுத்திக் கத்துச்சு. அந்தப் பாவந்தான் என்னையப் புடிச்சிருக்குன்னு நெனச்சேன். அஞ்சு வருசமா சாமி கும்பிடுறப்பல்லாம் மொதல்ல அந்தக் குருவிகிட்டத்தான் மன்னிப்புக் கேட்டேன். பழனிக்கு மூணு தடவ நடந்தேன். எங்கம்மா சாகையில, 'எங் குடும்பத்துப் பாவம் உந் தலையில விடிஞ்சிருச்சே'ன்னு அழுதுக்கிட்டே செத்துச்சு. அன்னிக்குக்கூட நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

நின்றான். தோளில் கை வைத்து ஆறுதல்கூடச் சொன்னான். அது ஞாபகம் வந்தபோது குமாரவேலுக்கு உடம்பு கூசியது.

வடிவு களைக்கொத்தை எடுத்துக் கூடையில் போட்டாள்.

"அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, எம் பழிய உங்க மேல தள்ளுறேன்னு நெனைக்கும்."

*

வியாழக்கிழமை காலை. வீரம்மாள் வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்து மறுநாள் விருந்துக்கு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். குமாரவேல் எதிரில் நின்று சொன்னான். வடிவு அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீரம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கை காயை விட்டுவிட்டது.

"அந்த வாளியா? அதுக்கா அந்த வாளி?"

முற்றத்தில் கிடந்த நீல வாளியை வெறித்துப் பார்த்தாள். செத்துப்போன அழகுமலையின் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றினாள். நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அப்புறம் மெல்லத் திரும்பி வடிவைப் பார்த்தாள்.

"அய்யோ, இந்தப் புள்ளைய எம்புட்டுப் பேசிட்டேன்! ஒரு வார்த்தையா ரெண்டு வார்த்தையா..."

வடிவுக்குக் கண் நிறைந்தது. இந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஐந்து வருடம் காத்திருந்தோமோ என்று தோன்றியது. வீரம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். வடிவு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த நிமிடம் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் எல்லாம் அங்கேயே தீர்ந்திருக்கும்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிச்சையம்மாள் குடத்தோடு தெருவில் போனாள். அவ்வளவுதான். வீரம்மாள் சட்டென்று எழுந்தாள், இடுப்பு வலியையும் மறந்து. கதவைச் சாத்தினாள். திரும்பியபோது முகத்தில் அழுகை இல்லை. கணக்குப் போடுகிற முகம்.

"இந்தப் பேச்சு இந்த நாலு செவத்தத் தாண்டப்படாது. என்ன?"

"ஆத்தா..."

"நீ சும்மா இருலே. வெளிய தெரிஞ்சா சந்தையில தலைகாட்ட முடியுமா உன்னால? எளவட்டப் பய எல்லாம் கைதட்டிச் சிரிப்பான். ஆம்பளைக்கு இந்தப் பேரு வந்தா செத்தாலும் போவாது."

வடிவின் மோவாயைப் பிடித்து ஆசையாக நிமிர்த்தினாள்.

"நீ பழகினவ தாயி. உனக்கு இது புதுசா? ஊரே சொல்லி முடிச்சாச்சு, நீயும் கேட்டு முடிச்சாச்சு. இனிமே வலிக்கவா போவுது? அந்தப் பேரு உங்கிட்டயே இருந்துட்டுப் போவட்டும். வீட்டுக்குள்ள நான் ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். எங் கொலசாமி மேல சத்தியம்."

வடிவு அவள் கண்ணையே பார்த்தாள். அதில் துளி விஷம் இல்லை. பெரிய துண்டுக் கருவாட்டைத் தட்டில் வைக்கும்போது இருக்கிற அதே பிரியம்தான் இருந்தது.

"நாளைக்கு மாமா வருவாரே அத்தை?"

"நீதான் மனசு மாறிட்ட, ஒத்துக்கிடலைன்னு சொல்லிருவோம். சக்களத்தி பொறாமை எந்தப் பொம்பளைக்கு இல்ல? யாரும் தப்பா நெனைக்க மாட்டாக."

குமாரவேல் சுவரோடு சாய்ந்து நின்றான். மலடி என்ற பேர் போதாதென்று பொறாமைக்காரி என்ற பேரும் இப்போது சேர்கிறது. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் அவன் நெஞ்சுக்குள் வேறொன்று வந்துவிட்டது. நிம்மதி. யாருக்கும் தெரியப்போவதில்லை என்கிற நிம்மதி. அது வந்ததை அவனே பார்த்தான். ஏழு வருடத்தில் தன்னை அவ்வளவு கேவலமாக அவன் உணர்ந்ததில்லை. நிமிர்ந்தான். வடிவு அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் அந்த நிம்மதி வந்ததையும் அவள் பார்த்துவிட்டாள்.



*

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு திருமலைச்சாமி வந்து சேர்ந்தார். வடிவின் தாய்மாமன். ஒரு பை மாம்பழம், வெற்றிலை பாக்கு, தேங்காய். மலை வளைவில் பஸ் சுற்றிய சுற்றில் முகம் வெளிறியிருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தார். மூத்த பெண் அன்னக்கொடிக்கே நல்ல இடம் அமையாமல் தவித்தவர். வாசலிலேயே கட்டில் போட்டார்கள். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். பிச்சையம்மாள் முன்வரிசை.

வீரம்மாள் மோர் கொடுத்தாள். தொண்டையைச் செருமினாள்.

"சம்பந்தம் பேச வந்தவுகள இப்படிச் சொல்லி அனுப்புறதுக்கு எனக்கே வாய் வரல. எங்களுக்கெல்லாம் சம்மதந்தான். உங்க மருமகதான்... எழுதுறப்ப எழுதிப்புட்டா, இப்ப மனசு ஒப்பலையாம்."

திருமலைச்சாமி தம்ளரைக் கீழே வைத்தார். மாம்பழப் பையைப் பார்த்தார். வடிவைப் பார்த்தார்.

"நீதான தாயி கடுதாசி போட்ட? அதை நம்பித்தான அன்னக்கொடிக்கு வந்த வேறொரு எடத்த நேத்து வேணாம்னு சொல்லிவிட்டேன்?"

திருமலைச்சாமி கட்டிலிலிருந்து எழுந்தார்.

"வயித்துலதான் ஒண்ணும் இல்லைன்னு இருந்தோம். மனசுலயும் ஒண்ணும் இல்லாமப் போச்சேடி! எந்தங்கச்சி வயித்துல இப்படி ஒருத்தியா?"

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். பிச்சையம்மாள் வடிவைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் வடிவுதான் ஏதாவது சொல்லித் தன்னையே கேலி செய்து சிரித்து, பேச்சை முடித்து வைப்பாள். அதற்குத்தான் காத்திருந்தார்கள். வீரம்மாளும் அதற்குத்தான் காத்திருந்தாள்.

வடிவு வாயைத் திறக்கவில்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, வாசல் சுவரோரம் நின்ற புருஷனைப் பார்த்தபடி நின்றாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. மிரட்டுகிற பார்வையும் இல்லை. ஒரு ஆள் என்ன செய்யப்போகிறான் என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிற பார்வை. அவள் காலடியில் துணிப்பை ஒன்று கட்டித் தயாராக இருந்ததை அப்போதுதான் குமாரவேல் கவனித்தான். மாமா திரும்பிப் போகிற பஸ் ஒரு மணிக்கு.

நாளைக்குச் சொல்லலாம் என்று குமாரவேலுக்குள் ஒரு குரல் வழக்கம்போல ஆரம்பித்தது.

"மாமா, அவ மேல தப்பில்ல."

தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

"ஏலே!" என்றாள் வீரம்மாள்.

"அவளுக்கு ஒரு கொறையும் இல்ல. இருந்ததே இல்ல. கொறை எங்கிட்ட. எழுவத்தாறுல, கல்யாணத்துக்கு முன்னாடியே நான் ஆப்ரேசன்..."

வீரம்மாள் பாய்ந்தாள். இடுப்புப் பிடித்த கிழவி அவ்வளவு வேகமாகப் பாய்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மகனின் வாயை இரண்டு கையாலும் அழுத்திப் பொத்தினாள். குரலை அடக்கிக் கெஞ்சினாள்.

"தெருவே நிக்குதுடா பாவி! எல்லாருக்கும் கேக்கும்டா!"

வடிவு நடந்து வந்தாள். நிதானமாகத்தான் வந்தாள். மாமியாரின் கையை, முரட்டுத்தனம் இல்லாமல், ஒவ்வொரு விரலாக எடுத்து விலக்கினாள்.

"கேக்கட்டும் அத்தை. என்னையச் சொன்னப்ப மட்டும் யாருக்கும் கேக்காமயா இருந்துச்சு?"

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க. பின்னால நிக்கிறவுகளுக்குக் கேக்கல. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."